ஊசிமுனை கேள்வி பதில்: பழைய மெஷின் வாங்கப் போகிறீர்களா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய தையல் மெஷின் பற்றித்தான். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில் 22 வருஷம் ரவிக்கை தைத்தவள் நான். அந்தக் காலம் முழுக்க எனக்குச் சோறு போட்டது நாலு மெஷின், நாலும் யாரோ பயன்படுத்திக் கைமாற்றியவை. அதனால் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

*பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் 80 வெள்ளிக்கு ஒரு மெஷின் பார்த்தேன் அக்கா. ‘நல்லா ஓடும்’ என்று போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?*
வாசகி, ஈசூன்

‘நல்லா ஓடும்’ என்றால் மோட்டார் சுற்றும் என்று அர்த்தம். தைக்குமா என்பது வேறு கேள்வி. ஊசி ஜோராக ஏறி இறங்கும், துணியில் ஒரு தையல்கூட விழாது. அப்படிப்பட்ட மெஷின்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

போகும்போது ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புது ஊசி ஒரு பாக்கெட், சிவப்பு நூல் ஒன்று, அதே தடிமனில் வெள்ளை நூல் ஒன்று, பழைய ஜீன்ஸ் துண்டு, ரவிக்கை லைனிங் துண்டு. உடனே கரண்ட் போடச் சொல்லாதீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் ‘புட்’ என்ற பாகத்தைத் தூக்கிவிட்டு, நூல் இல்லாமல், சக்கரத்தை வலது கையால் உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். மெஷினின் வயதும் வியாதியும் அந்தக் கையில்தான் தெரியும். முழுச் சுற்றும் ஒரே மாதிரி கனமாக இருந்தால், பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’கென்று தட்டினால் யோசியுங்கள். அடிநூல் சுற்றிய சின்ன உருளையான பாபின் பக்கம் நூல் சிக்கியிருந்தால் சின்ன விஷயம். பல்சக்கரத்தில் பல் போயிருந்தால் பெரிய விஷயம். 1970களில் வந்த பல வீட்டு மெஷின்களில் உள்ளே நைலான் பல்சக்கரம் வைத்தார்கள். வயதாக ஆக அது காய்ந்து விரிசல் விடும்.

அப்புறம் மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை போட்டு ஒரு சாண் தையுங்கள். துணியின் அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன், அதாவது மேல்நூலின் பிடி, தளர்வு; மேலே வெள்ளை தெரிந்தால் இறுக்கம். இரண்டுமே திருகினால் தீரும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்றிப் பாருங்கள். புது ஊசியைச் சரியாகப் போட்டும் அதே கதை என்றால், நன்றி சொல்லிவிட்டு லிஃப்டைப் பிடியுங்கள்.

பாபினை மாட்டும் சின்னக் கூடான பாபின் கேஸ் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவது அதுதான். 80 வெள்ளி என்பது உள்ளே நுழைய டிக்கெட் மாதிரி. பெல்ட், பாபின், ஒரு முறை சர்வீஸ் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

*ஒசாகாவில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒரு மெஷினை இலவசமாகவே தருகிறார் அம்மா. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?*
வாசகர், பொங்கோல்

போதாது தம்பி. ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. நாடு திரும்பும் ஒரு வாடிக்கையாளர் இப்படித்தான் ஒரு வெள்ளை மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று கால் அடாப்டரில் செருகி, பெடலை லேசாக மிதித்தேன். ஊசி பேய் பிடித்த மாதிரி ஓடியது. இரண்டு நொடி எனக்குச் சந்தோஷம், அட, இவ்வளவு வேகமா என்று. மூன்றாவது நொடி பெடலுக்குள்ளிருந்து புகை. கருகிய நாற்றம் மாடி முழுக்கப் பரவி, எதிர்க்கடை அண்ணன் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். கரண்டில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அவரைத் தடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

மெஷினில் கம்பி செருகும் இடத்துக்கு அருகே ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் வோல்ட், வாட் இரண்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். தகட்டில் உள்ள வாட்டைவிடத் தாராளமாகத் தாங்குவதாக வாங்குங்கள். மேசைக்கடியில் செங்கல் மாதிரி ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும், பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் இலவசத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

*பாட்டியின் கறுப்பு சிங்கர் மெஷின். எண் ‘EF’ என்று தொடங்குகிறது. துரு பிடிக்காமல் இருக்கச் சித்தப்பா தேங்காய் எண்ணெய் விட்டார், இப்போது அசையவே இல்லை. புராதனப் பொருள் என்று நல்ல விலைக்கு விற்கலாமா?*
வாசகி, தெம்பனிஸ்

சித்தப்பாவைக் கோபிக்காதீர்கள், பாதித் தமிழ் வீடுகளில் இதே கதைதான். சமையல் எண்ணெய் எதுவானாலும் காய்ந்தால் பசையாகிவிடும்.

அந்த இரண்டு எழுத்து, மெஷின் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்தது என்பதற்கு அடையாளம். சில மாடல் எண்களின் கடைசியில் வரும் ‘K’ அந்த ஆலையிருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிக்கும். ஆலையை 1980-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அதற்குள் கோடிக்கணக்கில் செய்து உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள், அதனால் அபூர்வப் பொருள் என்று சொல்ல முடியாது. விற்று வரும் காசு ஒரு நல்ல புடவைக்கு வந்தால் அதிகம். ஓட வைத்துப் பாருங்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். மெஷினைச் சாய்த்து, இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு மூட்டிலும், எண்ணெய் விடும் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். மோட்டார் இருந்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பலம் கொடுத்துத் திருகாதீர்கள். முதலில் ஒரு நெல்மணி அளவு நகரும். மறுபடி சொட்டு, மறுபடி ஆட்டல். என் கடையில் ஒன்று நாலு நாள் இப்படியே அடம் பிடித்து, ஐந்தாம் நாள் காப்பி குடித்துக்கொண்டே தொட்டேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. கறுத்துக் கசியும் அழுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். மேலே உள்ள தங்கப் பூவேலையில் ஸ்பிரிட் படக்கூடாது. மேல்பூச்சு கரைந்து பூவும் போய்விடும்.

ஊசி பற்றி ஒன்று. எல்லா ஊசியிலும் ஒரு பக்கம் நீளப் பள்ளம் இருக்கும், நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். பல பழைய மெஷின்களில் அது முன்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும், அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உங்களுடையது 206 அல்லது 306 மாடல் என்றால் சாதாரண ஊசி சேராது, 206×13 என்று கேட்டு வாங்குங்கள்.

*பழைய நூல் புடவைகளை வெட்டிப் பேத்திக்கு ஒட்டுத்துணிக் குவில்ட் (அடுக்குத் துணிப் போர்வை) தைக்க ஆசை. எந்த மாதிரி பழைய மெஷின் தேடுவது? நம் ஊர் வெயிலுக்கு, உள்ளே பஞ்சு வைக்கணுமா?*
வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பஞ்சு வேண்டாம் அக்கா. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியை நடுவில் வையுங்கள். ஏசி அறைக்கும் அது போதும்.

நூறு டிசைன் போடும் மெஷின் இதற்குத் தேவையில்லை. நேர்த்தையல் மட்டும் போடும் கனமான இரும்பு மெஷினே நல்லது. மூன்றடுக்குத் துணியில் அது முனகாது. பார்க்க வேண்டியது மூன்று. ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே 20 செ.மீ. பக்கம் இடம் இருந்தால் சுருட்டிய விரிப்பு அடங்கும். கையடக்கச் சின்ன மெஷின்களில் இது கஷ்டம். துணியைத் தள்ளும் பல்லைக் கீழே இறக்க முடிந்தால் வளைவுக் கோலமெல்லாம் போடலாம். புட் மாட்டும் தண்டு ‘லோ ஷாங்க்’ (குட்டைத் தண்டு) என்றால் வாக்கிங் புட் சுலபமாகக் கிடைக்கும். அது மேலடுக்குத் துணியையும் சேர்த்து நகர்த்தும், இல்லாவிட்டால் அடியடுக்கு முன்னால் போய், மேல்துணி சுருங்கி நிற்கும். துண்டுகளை இணைக்கக் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள், 14-ஆம் எண் ஊசி போடுங்கள். மெல்லிய வாயில் புடவை என்றால் துண்டுகளை இணைக்க 11 போதும்.

மெஷின் கிடைக்கும்வரை கையாலேயே ஆரம்பிக்கலாம். 1942-ல் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள் ஆளுக்கொரு சதுரமாகக் கையால் பூத்தையல் போட்டு, 66 சதுரங்கள் கொண்ட மூன்று குவில்ட்கள் செய்தார்கள். அவற்றில் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

*ராத்திரி தைத்தால் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். புது மெஷின் வாங்கினால் சத்தம் குறையுமா?*
வாசகி, அங் மோ கியோ

மெஷினைவிட மேசைதான் அதிகம் கத்தும். மேசையைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், மெஷினுக்கடியிலும் மேசைக் கால்களுக்கடியிலும் தடித்த ரப்பர் விரிப்பு வையுங்கள், ஒன்பது மணிக்கு நிறுத்துங்கள். எங்கள் புளோக்கிலும் இதே தகராறு இருந்தது. கீழ் வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கு நாலு வருஷம் நான்தான் ஓரம் மடித்துக் கொடுத்தேன். அந்த நாலு வருஷமும் அவர்களுக்குச் சத்தமே கேட்கவில்லையாம்.