வேன்காரர் பதில்கள்: கும்பகோணம் போகிற வழியில்

(சுற்றுலா வேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சென்னையிலிருந்து காரில் கும்பகோணம் போகிறோம். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். வழியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரை மணி நேரம் நிறுத்தினால் போதுமா? தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்தாயிற்று, இங்கே புதிதாக என்ன இருக்கிறது என்கிறார் என் கணவர்.
– வாசகி, தாம்பரம்

பதில்: அரை மணி நேரம் டீக்கடைக்குத்தான் காணும் அம்மா. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதைவிட, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். எல்லோரும் விடியற்காலையில் கிளம்புவார்கள். விக்கிரவாண்டிப் பக்கம் டிபன், பண்ருட்டியில் பலாச்சுளை, அப்புறம் நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி என்று வந்து இறங்கும்போது உச்சிவெயில். பன்னிரண்டு மணி வாக்கில் சன்னதியைச் சாத்திவிடுவார்கள். திறக்க நாலு மணி ஆகும். கல் தரை காலைப் பொசுக்கும். நந்தியைப் பார்த்ததோடு திரும்பி வந்து, "ஏசி போடுங்க டிரைவர்" என்றவர்கள்தான் என் வண்டியில் அதிகம். நீங்கள் வீட்டிலேயே சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புங்கள். மதியச் சாப்பாட்டை வழியில் முடித்தால் நாலு மணிக்குக் கோயிலில் இருக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். தஞ்சை விமானம் ராஜராஜன் கட்டியது, 13 தளம், விறைப்பாக மேலே ஏறும். அவர் மகன் ராஜேந்திரன் இங்கே 9 தளத்தோடு நிறுத்திக்கொண்டார். அப்பாவை மிஞ்சக்கூடாது என்ற மரியாதை என்று கைடுகள் சொல்வார்கள்; ராஜாவின் மனசை யார் கண்டது! ஆனால் இந்த விமானம் சதுரமாகத் தொடங்கி, எண்கோணமாகி, வட்டமாகி, உள்வாங்கி வளைந்து ஏறுகிற அழகு தஞ்சையில் கிடையாது. வடகிழக்கு மூலையிலிருந்து பாருங்கள், தெரியும்.

அதற்கப்புறம் வடக்குப் படிக்கட்டுக்கு வாருங்கள். அதை ஒட்டிய சுவரில் சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருக்க, கீழே ஒருவர் கைகூப்பிக் குனிந்திருப்பார். சிவன் அவர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிவிடுகிறார். அவர்தான் சண்டேசர். சேய்ஞலூரில் மாடு மேய்த்த பிள்ளை. மணலில் லிங்கம் பிடித்துப் பாலைக் கொட்டி வழிபட்டான். பால்குடத்தை எட்டி உதைத்த அப்பாவின் காலையே வெட்டிவிட்டான். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் காரிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள். சிலை முன்னால் அவர்களே நிற்பார்கள். மாலை கட்டப்படுவது ராஜேந்திரனுக்கே என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அது சண்டேசர்தான். மாலையைச் சுற்றும் அந்த விரல்களைப் பாருங்கள், குழந்தைக்குத் தலை சீவிவிடுகிற அம்மாவின் கை. இதற்காகவே நான் இந்த ரூட்டை விரும்பி எடுப்பேன்.

உள்ளே லிங்கம் ஆளைவிட இருமடங்கு உயரம். நவகிரகம் ஒரே கல்லில், சூரியனின் தேரோடு இருக்கும், மாமியாருக்குப் பிடிக்கும். பிள்ளைகளுக்குச் சிங்க முகக் கிணறு.

கேள்வி: கங்கைகொண்ட சோழபுரம் கோயில் கல்லைப் பெயர்த்து வெள்ளைக்காரன் அணை கட்டினான் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?
– வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: உண்மைதான். 1836-ல் ஆங்கிலேய எஞ்சினியர் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயிலின் வெளிமதில் கற்களைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அணையால் வயல்கள் விளைந்ததும் நிஜம். இருந்தாலும் அந்தக் கீழணை இருக்கிற அணைக்கரையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கோயில் கட்டிய ராஜாவே பெரிய ஏரி வெட்டியவர்தான். சோழகங்கம் என்று பெயர், இப்போது பொன்னேரி. ஏரி வெட்ட அவர் யார் கோயிலையும் இடிக்கவில்லை.

கேள்வி: மாளிகைமேடு போகலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: சோழர் அரண்மனை இருந்த இடம்தான், ஆனால் அரண்மனையைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். தோண்டி எடுத்த செங்கல் அடித்தளம்தான் இருக்கிறது. சரித்திரப் பைத்தியம் உள்ளவர்கள் போகலாம், கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்த நேரத்தைக் கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.