மொரீசியஸா, சீஷெல்ஸா: குடும்பத்தோடு போக எது நல்லது?

கேள்வி: ஓட்டல் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொரீசியஸ், சீஷெல்ஸ் இரண்டிலிருந்தும் வேலை வந்திருக்கிறது. சீஷெல்ஸில் சம்பளம் அதிகம். மனைவிக்கு இதய வால்வு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: தனியாகப் போகிறீர்கள் என்றால் சீஷெல்ஸ் என்று உடனே சொல்லியிருப்பேன். குடும்பத்தோடு போவதால் மொரீசியஸ்தான்.

முதலில் சம்பளத்தைச் சரியாகப் பாருங்கள். இரண்டு நாட்டுப் பணத்துக்கும் ரூபாய் என்றே பெயர். ஆனால் ஒரு சீஷெல்ஸ் ரூபாய் ஏறக்குறைய மூன்று மொரீசியஸ் ரூபாய்க்குச் சமம். இரண்டையும் டாலருக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். அப்புறம் வாடகை. சீஷெல்ஸின் முக்கியத் தீவான மாஹே முழுக்கக் கருங்கல் மலை. சமதளம் குறைவு, அதனால் வீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை அதிகம். உணவில் பெரும்பகுதி கப்பலில் வர வேண்டும். நிறுவனமே வீடு தராவிட்டால் கூடுதல் சம்பளம் அங்கேயே கரைந்துவிடும்.

உலக வங்கி 2015 முதல் சீஷெல்ஸை உயர் வருமான நாடாக வகைப்படுத்துகிறது. மொரீசியஸ் 2020இல் அந்த இடத்தைத் தொட்டு, கொரோனாவால் மறு ஆண்டே இறங்கியது. இதைப் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் மக்கள்தொகைதான் முக்கியம். மொரீசியஸில் 12 லட்சத்துக்கும் மேல். சீஷெல்ஸில் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். அவ்வளவு சிறிய நாட்டில் எல்லாச் சிறப்பு மருத்துவத்தையும் வைத்திருக்க முடியாது. பொது மருத்துவம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் சிக்கலான இதய நோயாளிகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மொரீசியஸிலோ பாம்ப்ளெமூஸில் இதய சிகிச்சை மையமே இருக்கிறது. வால்வு மாற்றியவருக்கு அவசரம் என்று வந்தால் விமானத்துக்குக் காத்திருக்கக் கூடாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மகளின் படிப்பிலும் இதே கதைதான். சீஷெல்ஸ் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கியது; பாடப்பிரிவுகள் குறைவு. மொரீசியஸில் கேம்பிரிட்ஜ் தேர்வுமுறையில் பள்ளி முடித்து, அங்கேயே கல்லூரிக்கும் போகலாம். தமிழைப் பாடமாகவும் எடுக்கலாம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை என்று நம் மொழிக்கு அங்கே இடமுண்டு. சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவிலும் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மொரீசியஸில் கவலைப்பட வேண்டியது புயல். நவம்பர் முதல் மே வரை சீசன். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் இழுத்துப் போனது. வீடு பார்க்கும்போது தண்ணீர் தேங்கும் இடமா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மாஹே புயல் பாதைக்கு வெளியே இருப்பது சீஷெல்ஸுக்கு உண்மையான பலம்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: மனைவியின் பழைய நோய்க்கும் காப்பீடு உண்டா, மகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார்கள், வேலை போனால் அனுமதி என்னாகும். சீஷெல்ஸில் வேலை அனுமதி அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. மொரீசியஸிலும் வேலை மாறினால் அனுமதியைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஓட்டல்கள் நிறைய என்பதால் அடுத்த வேலை தேடுவது அங்கே எளிது.