இங்கிலாந்தில் மாத்திரை இல்லாமல் மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை கிடைக்குமா?

கிடைக்கும், இலவசமாகவே கிடைக்கும். ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், போய்க் கடிதம் வாங்க வேண்டியதும் இல்லை.

லெஸ்டரில் இருக்கும் உங்கள் அக்கா சில மாதங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை, ஜிபியிடம் போனால் மாத்திரைதான் தருவார் என்று பயப்படுகிறார் என எழுதியிருக்கிறீர்கள். நான் கிழக்கு லண்டனில் இருக்கிறேன். இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு ஜிபியிடம் பதிந்திருக்கிற 18 வயது நிரம்பிய எவரும் அரசு மருத்துவத் துறையான என்ஹெச்எஸ்ஸின் 'என்ஹெச்எஸ் டாக்கிங் தெரபீஸ்' என்ற பேச்சு சிகிச்சைச் சேவைக்குத் தாங்களே விண்ணப்பிக்கலாம். டிப்ரஷன், ஓயாத பதற்றம், பேனிக் அட்டாக், ஓசிடி (வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் நோய்) எல்லாம் இதற்குள் வரும். என்ஹெச்எஸ் இணையதளத்தில் தேடினால் அவர் பகுதியின் சேவையும் படிவமும் கிடைக்கும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்பாடு வேறு.

தானே விண்ணப்பிக்கும் இந்த வசதி சும்மா வந்ததல்ல. சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) போன்ற சிகிச்சைகள் பலன் தரும் என்று தெரிந்திருந்தும் அவற்றைக் கொடுக்கப் போதிய ஆள் இல்லாத காலம் அது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் அரசிடம் வாதாடினார்கள்: குணமானவர்கள் வேலைக்குத் திரும்பினால் சிகிச்சைக்குச் செலவழித்த பணம் திரும்பி வந்துவிடும் என்று. 2006இல் வட இங்கிலாந்தின் டான்காஸ்டரிலும் கிழக்கு லண்டனின் நியூஹாமிலும் முன்னோட்டம் நடந்தது. நம்மவர்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் இருக்கிற அதே நியூஹாம்தான். அங்கே ஜிபி மூலம் வந்தவர்களைவிடத் தாங்களாகவே வந்தவர்களின் நோய் எந்த விதத்திலும் லேசானதாக இல்லை. அதை அதிக காலம் சுமந்துகொண்டிருந்தவர்களாகவும் இருந்தார்கள். சிறுபான்மை இனத்தவரும் இந்த வழியில்தான் கூடுதலாக வந்தார்கள். உங்கள் அக்காவைப் போல ஜிபி அறை வரை போகவே தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்பேன். 2008 முதல் இது இங்கிலாந்து முழுக்கப் பரவி, இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் சிகிச்சை தொடங்குகிறார்கள்.

சரி, விண்ணப்பித்த பிறகு என்ன நடக்கும்? பெரும்பாலும் முதலில் போனில் பேசுவார்கள். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வரும். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, சோர்வு, தன்மேல் வெறுப்பு எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பதற்றத்துக்கு இன்னொரு படிவம். ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே நிரப்பச் சொல்வார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் எண் இறங்குகிறதா இல்லையா என்பது நோயாளிக்கும் தெரிகிறது, சிகிச்சை தருபவருக்கும் தெரிகிறது. இறங்கவில்லை என்றால் வழியை மாற்றலாம்.

பாதிப்பு ரொம்பக் கடுமையாக இல்லையென்றால், இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் சில வாரங்கள் அரை மணி நேரம் பேசுவார். எனக்குக் கொடுத்தது வாரத்தின் ஏழு நாட்களும் கட்டம் கட்டமாகப் போட்ட ஒரு தாள். எந்த நேரத்தில் என்ன செய்தேன், அப்போது மனம் எப்படி இருந்தது என்று குறிக்க வேண்டும். அப்புறம் காலியான கட்டங்களில் சின்னச் சின்ன வேலைகளை நாமே எழுத வேண்டும். நான் எழுதிய முதல் வேலை, புதன் மாலை கடைக்கு நடந்துபோய்ப் பால் வாங்குவது. மனம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திருக்காமல், செய்துவிட்டு மனம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. எனக்கு அது பலித்தது.

இது போதாது என்றால் அடுத்த படி, வாராவாரம் சிபிடி. ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். 75 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. ஆனால் முதல் சந்திப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே, அல்லது அடுத்த படிக்குப் போகும்போது, மாதக்கணக்கில் காக்க வைப்பதுண்டு. எனக்கும் அது நடந்தது. இலக்கை எட்டியதாகக் கணக்குக் காட்டுவதற்காக நோயாளியை நடுவில் தொங்கவிடுவது அநியாயம். போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முடிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேறுகிறார்கள். வாடகை, விசா, வீட்டில் அடி உதை போன்றவைதான் காரணம் என்றால் பேச்சு மட்டும் தீர்வாகாது. அதையும் முதல் போனிலேயே அக்கா சொல்லிவிடட்டும்.

ஆங்கிலத்தில் மனதைத் திறந்து பேசத் தயக்கம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்திலேயே கேட்கலாம், செலவில்லை. உறவுக்காரர்களை வைத்துப் பேச வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் மட்டும் இதற்குக் காத்திருக்கக் கூடாது: 111ஐ அழைத்து 2ஐ அழுத்த வேண்டும், உடனடி ஆபத்து என்றால் 999. மற்றபடி, இந்த வார இறுதியில் நீங்கள் வீடியோ காலில் கூடவே இருந்து அக்காவைப் படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள்.