சும்மா பார்ப்பது ஆய்வாகுமா?

அன்புள்ள ஐயா,
நான் உளவியல் மாணவி. கிளிநொச்சிக்கு அருகே ஒரு முன்பள்ளியில் பிள்ளைகள் விளையாடுவதை, எந்தத் தலையீடும் செய்யாமல் அவதானித்து ஆய்வுக்கட்டுரை எழுத விரும்புகிறேன். "வினாக்கொத்தும் இல்லை, பரிசோதனையும் இல்லை, சும்மா பார்ப்பது எப்படி ஆய்வாகும்?" என்று உடன் படிப்பவர்கள் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– ஒரு மாணவி, பரந்தன்

அன்புள்ள மாணவிக்கு,

சும்மா பார்த்தால் அது ஆய்வாகாதுதான். எந்த நடத்தையை, எவ்வளவு நேரம், எந்த வகைக்குள் குறிப்பது என்பதைப் படலையைத் திறக்குமுன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாகவே உதவும். அவர் முன்பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக, ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் வீதம் கவனித்து, தனியே விளையாடுவது, மற்றவர் விளையாட்டை நின்று பார்ப்பது, அருகருகே இருந்தும் தத்தம் விளையாட்டிலேயே மூழ்கியிருப்பது, சேர்ந்து விளையாடுவது என்றெல்லாம் வகைப்படுத்தி, வயது கூடக்கூடச் சேர்ந்து விளையாடுவதும் கூடுவதைக் காட்டினார்.

மணலில் இரண்டு பிள்ளைகள் சிரட்டையில் மண்பிட்டு அவிக்கிறார்கள் என்று வையுங்கள். "நட்பாக விளையாடினார்கள்" என்று எழுதினால் அது உங்கள் முடிவு. "அவள் சிரட்டையை நீட்டினாள், அவன் வாங்காமல் மண்ணை அளைந்துகொண்டிருந்தான்" என்று எழுதினால் அது தரவு. அதே காட்சியை இன்னொருவரும் தனியே குறித்து, இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டால், உங்கள் தோழர்கள் கேட்கும் எண்ணும் அங்கேயே கிடைத்துவிடும்.

வன்னியில் இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கையிலுள்ள கொப்பிதான். போருக்குப் பின் பதிவு, நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று படிவத்தோடு எத்தனையோ பேர் வந்துபோன ஊர்கள் இவை. பேனையோடு மூலையில் ஒருவர் இருந்தால், பிள்ளையைக் கூட்டிச்செல்ல வரும் தாய், "பேர் பதியிறீங்களோ பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்பார், ஆசிரியையும் அன்றைக்கு வழமையைவிட மென்மையாகப் பேசுவார். ஆகவே, உங்களை யாரும் பொருட்படுத்தாத நிலை வரும்வரை போய்வந்து, அந்தத் தொடக்கநாட் குறிப்புகளைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். ஒளிந்திருந்து பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறைந்திருந்து கவனிப்பவர்களால் இந்த மண் பட்டது போதும். பெற்றோரிடமும் ஆசிரியையிடமும் நோக்கத்தைச் சொல்லிச் சம்மதம் பெறுங்கள்.

தலையிடாமல் அவதானிக்கும் இந்த முறையால் ஒரு நடத்தையின் காரணத்தை நிறுவ முடியாது என்பதையும் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள். தாய்–சேய் பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் 1954 முதல் உகண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுகளிலேயே அவதானித்தார். பின்னர்தான், அங்கே கண்டதைக் கட்டுப்படுத்திய சூழலில் பார்க்க, அமெரிக்காவில் ஆய்வுகூடச் சூழலொன்றை வடிவமைத்தார். ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கண்டதும் அதைப் போரின் வடு என்று எழுதிவிடும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம். இன்று முன்பள்ளியில் இருப்பவர்களோ போர் முடிந்த 2009க்குப் பல ஆண்டுகள் பின்னர் பிறந்தவர்கள். அந்தப் பிள்ளை ஒதுங்கி நின்றதை மட்டும் குறியுங்கள். ஏன் என்று அறிய விரும்பினால் வீட்டாரோடு பேச வேண்டும், அதற்கு நேர்காணல் என்ற வேறு முறை இருக்கிறது.