"ஓம் மனே" என்று தலையாட்டும் அம்மம்மா

தங்கச்சி, உங்கள் வார்ட்டில் இருக்கும் வாழைச்சேனை அம்மம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் மனே" என்று தலையாட்டிவிட்டு, சீனி வருத்தக் குளிசையைத் தலையணைக்குள் ஒளிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த "ஓம்" சம்மதமில்லை, மரியாதை. "விளங்கிச்சா?" என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? "வீட்டில மகள் கேட்டா, இதை எப்படிப் போடுறதெண்டு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பிழை எங்கே என்று அவர் வாயாலேயே வரும்.

ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள், விசாரணை மாதிரி இருக்கும். கதிரையை இழுத்து அவர் கண்மட்டத்தில் இருந்து, "இதைப் போட்டா உடம்புக்கு என்ன செய்யுது அம்மம்மா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் பேசாமல் இருங்கள். (தாதியாக முதல் வருடம் எனக்கு அந்த மௌனம் பத்துச் செக்கன்கூடத் தாங்காது.) அந்தச் சீனிக் குளிசை மெட்போமின் என்றால் வயிற்றுப் பிரட்டாக இருக்கலாம், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். எதற்கும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.