செம்புரை மண்ணில் சுண்ணாம்புக்கல் கலந்தால் ஷாப்லி ஒயினின் சுவை வருமா?

உங்கள் தோட்டத்துத் திராட்சைச் சாறு நீர்த்திருக்கிறது என்றும், பிரான்சின் ஷாப்லி ஊர் வெள்ளை ஒயினில் உணரும் ‘கல் சுவை’ அதில் வர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வராது. காரைக்குடிப் பக்கம் உங்கள் செம்புரை மண்ணில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்தாலும், நீங்கள் விரும்பும் அந்தக் ‘கல் சுவை’ பன்னீர்த் திராட்சைச் சாற்றில் ஏறாது. வேர் உறிஞ்சுவது நீரையும் அதில் கரைந்த உப்புகளையும்தான். பாறையின் சுவையை அன்று. சிப்பிப் படிவங்கள் நிறைந்த ஷாப்லி மண்ணுக்கும் இதுவே பொருந்தும்.

மண்ணின் பங்கு பெரும்பாலும் நீர் வழியாகவே வெளிப்படுகிறது. பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவின் மண்ணியலாளர் ஜெரார் செகேன் 1986-இல் வெளியிட்ட கட்டுரையில், சரளை, களி, சுண்ணாம்பு என மிக வேறுபட்ட மண்களிலும் உயர்ந்த ஒயின் விளைவதையும், கொடிக்கு நீரை அளவாகத் தரும் இயல்பே முதன்மையானது என்பதையும் விளக்கினார். எனக்கு இது பெரிய தெளிவைத் தந்த கருத்து. உங்கள் சாறு நீர்த்திருப்பதற்கு, பறிப்பதற்கு முந்தைய வாரங்களில் பாய்ச்சிய நீரோ பெய்த மழையோ காரணமாக இருக்கலாம்.

கொடிக்கு அருகே இரண்டடிக் குழி வெட்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். மறுநாளும் நீர் தேங்கி நின்றால், நம் ஊர்ச் சுவர்களுக்கு வெட்டியெடுக்கும் அதே செம்புரைக்கல் அடியில் தட்டாக இறுகியிருக்கலாம். மேட்டுப்பாத்தி அமைப்பதே நல்லது.

மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு இடாதீர்கள். அளவு மிஞ்சினால் கொடிக்கு இரும்புச்சத்து எட்டாமல், இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். அதோடு, மண் மட்டுமே காரணம் அன்று; ஷாப்லி ஒயினின் புளிப்பில் அவ்வூர்க் குளிருக்கும் பெரும்பங்கு உண்டு.