நடந்தால் மட்டும் போதுமா? தில்லி வாசகர்களின் முதுமை நலக் கேள்விகள்

முதியோர் மருத்துவம் தொடர்பாகத் தில்லித் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருடைய வீட்டுக்கும் பொருந்தக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் பூஜை முடிந்து தரையிலிருந்து எழும்போது அலமாரியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏன்? (69 வயது வாசகர், ஆர்.கே.புரம்)

நடைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள், அது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் தரையிலிருந்து எழுவதற்குத் தொடையின் முன்பக்கத் தசைகளிலும் பிட்டத் தசைகளிலும் வலு வேண்டும். சமதளத்தில் நடக்கும்போது இவை முழு அளவில் வேலை செய்வதில்லை. நடுவயதிலிருந்தே தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் விரைவாகக் குறைகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைவலுப் பயிற்சியும் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நம்மில் பெரும்பாலோர் இதன் முதல் பகுதியோடு நின்றுவிடுகிறோம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் வயது ஆண்களுக்கு 12-க்குக் குறைந்தால் கால் வலு போதவில்லை என்று கொள்ளலாம். என்னிடம் வருபவர் இரு கைகளையும் தொடையில் ஊன்றி, முன்னும் பின்னும் அசைந்து, மூன்றாவது முயற்சியில்தான் நாற்காலியை விட்டு எழுகிறார் என்றால், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அவருக்கு முதலில் எழுதித் தருவது இதே பயிற்சியைத்தான்: எட்டு முறை எழுந்து உட்கார்ந்து, சற்று ஓய்வெடுத்து, மறுபடியும் எட்டு முறை. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணியபடி இறங்க வேண்டும். அந்த இறக்கத்திலும் வலு சேர்கிறது. பிள்ளையார் சன்னதியில் போடும் தோப்புக்கரணமும் இதே தசைகளுக்கு வேலை கொடுக்கிறது. இந்த வயதில் பாதியளவு இறங்கினால் போதும். சமநிலைக்கு, சமையலறை மேடையைப் பிடித்தபடி ஒவ்வொரு காலிலும் பத்து விநாடி நின்று பழகுங்கள்.

விடியற்காலை ஐந்தரைக்கு நடப்பது என் நாற்பது வருடப் பழக்கம். குளிர்காலத்தில் போகக் கூடாது என்று மகன் தடுக்கிறான். (72 வயது வாசகி, மயூர் விஹார்)

உங்கள் மகன் சொல்வதே சரி. நவம்பர் முதல் ஜனவரி வரை தில்லியின் விடியற்காலையில், தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல நின்றுவிடுகிறது. புகையும் தூசியும் மேலே போக வழியில்லாமல் நாம் மூச்சு விடும் உயரத்திலேயே தங்கிவிடுகின்றன. வெயில் ஏறித் தரை சூடான பிறகு இந்த மூடி கலைவதால், பிற்பகலில் மாசு பொதுவாகச் சற்றுக் குறைந்திருக்கும். அத்துடன், கடுங்குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. எனவே நடையைப் பகல் வெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டும் நாட்களில் கூடத்திலேயே இருபது நிமிடம் நடந்தால் போதும். ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் 200-ஐத் தாண்டியதுமே வீட்டுக்குள் இருந்துவிடுங்கள். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: மூடிய அறையில் கரி அங்கீட்டி (கணப்பு அடுப்பு) வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லாததால், தூங்குபவர் அறியாமலேயே உயிர் போய்விடும்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா? (66 வயது வாசகர், துவாரகா)

தேவையில்லை. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அறுபதைக் கடந்தவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடிகளுக்குள்ளேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது.

லிஃப்ட் இல்லாத டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். எனக்கு முட்டித் தேய்மானம். படி ஏறினால் இன்னும் தேயுமா? (70 வயது வாசகி, ஜனக்புரி)

முட்டியின் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது; மூட்டு அசையும்போது அதைச் சூழ்ந்த திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. ஆகவே ஒரேயடியாக முடங்கிவிடுவது முட்டிக்கு உதவாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது வலிக்கிற காலையும் முதலில் வையுங்கள். சுமையோடு ஏற வேண்டாம். தள்ளுவண்டிக்காரரிடம் காய்கறி வாங்கக் கயிற்றில் பையைக் கட்டி இறக்கும் வழக்கம் உங்கள் குடியிருப்பிலும் இருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உடல் பருமன் இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் நடக்கும்போது முட்டியின் மேல் விழும் பாரத்தில் சுமார் நான்கு கிலோவைக் குறைக்கும். முட்டி வீங்கினாலோ, நடக்கையில் மடங்கி நழுவினாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சைவ உணவில் புரதம் போதுமா? (65 வயது வாசகர், கரோல்பாக்)

திட்டமிட்டுச் சாப்பிட்டால் போதும். மூத்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு மோர் சாதம் என்று இருந்தால் அதில் பாதியை எட்டுவதே கடினம். தெளிவாக இறுத்த ரசத்தில் பருப்பின் புரதம் மிகக் குறைவு. கெட்டிப் பருப்பாகப் பிசைந்து சாப்பிடுங்கள். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும், வாரத்தில் சில நாள் பனீரும் ராஜ்மாவும் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே அளவைக் கூட்ட வேண்டும்.

இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தலை சுற்றுகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். (76 வயது வாசகர், முனிர்க்கா)

படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் ரத்த அழுத்தத்தை அளக்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது ரத்த அழுத்தம் சரிகிறது என்று பொருள். அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை ஆகிய மூன்றுமே இதற்குக் காரணமாகலாம்; எதையும் நீங்களாக நிறுத்தாமல், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீரைக் குறைத்துவிடுவதும் ஒரு காரணம். மருத்துவரைப் பார்க்கும்வரை, எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்கால்களைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்து, ரஜாய் (பஞ்சுப் போர்வை) காலில் சிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு நில்லுங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பியும், வழியில் சிறு விளக்கும் அவசியம்.

மாமனார் காலமான பின் மாமியாரைக் கும்பகோணத்திலிருந்து அழைத்து வந்தோம். ஆறு மாதமாக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. டிவியைச் சத்தமாக வைக்கிறார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். மறதி நோயா? (வாசகி, வசுந்தரா என்க்ளேவ்)

அப்படி முடிவு செய்வதற்கு முன் காதைப் பரிசோதியுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் செவித்திறன் குறைவுக்கும் பொருந்துகின்றன. அதைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கான வாய்ப்பும் கூடும். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் குறைவும் தனிமையும் இடம்பெற்றிருக்கின்றன.

ஊரில் வாசல் தெளித்துக் கோலமிடுவது, பூக்காரியிடம் பேரம் பேசுவது, கோயிலுக்கு நடந்து போவது என்று அவருடைய உடலும் பேச்சும் நாள் முழுவதும் இயங்கிக்கொண்டிருந்தன. இங்கே அன்பினாலேயே நாம் எல்லா வேலைகளையும் அவர் கையிலிருந்து வாங்கிவிடுகிறோம். காய் நறுக்குவது, துணி மடிப்பது போன்ற வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை ஆர்.கே.புரத்தில் உள்ள முருகன் கோயிலான மலை மந்திருக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே தமிழில் பேச ஒருவராவது கிடைப்பார். முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைக் கைப்பையில் வைத்து, பால் கடை வரை தனியாகப் போய்வரப் பழக்குங்கள். பசியும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

இந்த வாரமே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள். காதில் குறும்பி அடைத்திருப்பது மட்டுமே காரணமாக இருந்தால், பெரும்பாலும் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள்.